பம்ப் வீட்டுப் படியில் பதித்த குமிழ்

அன்பு மகள் தினேயோவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு நன்றாகவே இருக்கிறோம், கேப் டவுன் காற்றில் நீயும் குழந்தையும் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். முதலில் ஒன்று, ஈஸ்டருக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே வராதே. காரணம் சொல்கிறேன். நம் கடைச் சுவரில் பித்தளைக் குமிழ் பதித்திருக்கிறார்கள் இல்லையா, மாதாமாதம் சர்வேயர் மொலேஃபி வந்து பம்ப் வீட்டுப் படியிலுள்ள குமிழில் தொடங்கித் தெருவில் உள்ள குமிழ்கள் எல்லாம் எவ்வளவு இறங்கின என்று அளப்பான். சுரங்கத்துக்காக அடித்தண்ணீரை இறைப்பதில் நம் ஊருக்கு அடியிலுள்ள பாறை பொந்து விழுந்து கிடப்பதும், தரை திடீரென உள்வாங்கிவிடலாம் என்பதும் உனக்கே தெரியும். ஆனால் மூன்று வருடமாக அவன் தரும் அளவுத் தாளில் மாற்றமே இல்லை. அதைக் கடையில் ஒட்டிவைத்து, அதைக் காட்டித்தான் பின்னறைகளை மொக்கோட்டி குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டேன்.

போன மாதம் முற்றத்துச் சாக்கடை ஊர்ப்பக்கம் ஓடாமல் நம் பக்கமே திரும்பியது, குத்திப் பார்த்தேன், அடைப்பில்லை. மொலேஃபியிடம் சொன்னால், "மாமா, தரை இம்மிகூட இறங்கல, உங்க சோள மாவுதான் குழாய்ல அடைச்சிருக்கும்" என்கிறான். "தம்பி, எடைக்கல்லே தேஞ்சிருந்தாலும் தராசு முள்ளு நேராத்தான் நிக்கும். உன் பம்ப் வீட்டுக் குமிழை யாரு அளக்கிறது?" என்று கேட்டேன். "சர்வேயருக்கே பாடம் எடுக்கிறாரு, நேத்து மீதிச் சில்லறையத் தப்பாக் கொடுத்த மனுஷன்" என்றாள் உன் அம்மா. அவன் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டான். அந்தக் குமிழைப் பதித்த நாளிலிருந்து யாரும் சரிபார்க்கவில்லையாம்.

நாலு கிலோமீட்டர் தள்ளிக் கெட்டிப் பாறைக் குன்றின் மேல் இருக்கும் அளவைத் தூணிலிருந்து இரண்டு நாள் அளந்துகொண்டே வந்தான். வியாழக்கிழமை கடையில் வந்து உட்கார்ந்து கணக்கைச் சொன்னான். பம்ப் வீடும் நம் தெருவும் சேர்ந்தே நாற்பத்தொரு மில்லிமீட்டர் இறங்கியிருக்கின்றன. "ஆபீஸ் கடிதம் வர மூணு வாரமாகும், அதுவரைக்கும் வெளியே சொல்லாதீங்க மாமா, என் வேலை போயிடும்" என்றான். உண்மையைச் சொல்கிறேன், பண்டிகைச் சரக்கைப் பார்த்து ஒரு மணி நேரம் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மொக்கோட்டியின் பிள்ளைகள் அந்தச் சாக்கடைக்குப் பக்கத்தில்தான் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். தாளைக் கிழித்தெடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் அவர்கள் அம்மாவிடம் முதலில் சொன்னேன். "இதைக் காட்டித்தானே எங்களை உள்ள விட்டீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன்.

மொக்கோட்டி குடும்பத்தார் அன்று மாலையே அவன் மனைவியின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் உன் மாமா வீட்டில் இருக்கிறோம், பழைய முகவரிக்கு எதுவும் அனுப்பாதே. மொலேஃபிக்காக அவன் அலுவலகத்தில் பேசப் போகிறேன். மொக்கோட்டியின் மனைவியைச் சந்தையில் பார்த்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பிள்ளைகள் இருவரும் அவள் கையைப் பிடித்து நடந்தார்கள். எனக்கு அது போதும். கடவுள் உன்னையும் குழந்தையையும் கெட்டியான தரையில் வைத்திருக்கட்டும்.

உன் அப்பா,
கபேலோ மொதிசானே