குளிர்க்குழாயில் கட்டிய வெனிலா ஷேக்

ஃபோபோஸ் ஆய்வுக்கூடம், செவ்வாயின் நிலா. நாள் 611. காலை 07:10

பதிவு எழுதுபவர்: செலின் பர்னாந்து, நிலவியலாளர். கூடத்தில் வேறு ஆள் இல்லை. காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. துளையிடும் இயந்திரம் மறுபடி முரண்டு பிடிக்கிறது. செவ்வாய்க் கிரகம் வழக்கம்போல ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

உடல் எடை 46.3 கிலோ. போன மாதத்தைவிட இரண்டு கிலோ குறைவு. பூமியிலிருந்து டாக்டர் நபீஸாவின் செய்தி:

"செலின், நாப்பத்தெட்டுக்குக் கீழ இருந்தீங்கன்னா உங்களைக் கப்பல்ல ஏத்த நான் கையெழுத்துப் போட முடியாது. கிளம்பும்போது வர்ற அழுத்தத்த உடம்பு தாங்காது. அந்த புரோட்டீன் பவுடரை ரெண்டு வேளையும் குடிச்சே ஆகணும். பிடிக்கலன்னு மட்டும் சொல்லாதீங்க."

கப்பல் ஐந்து வாரத்தில் வருகிறது. அதை விட்டால் அடுத்தது இரண்டு வருடம் கழித்து. இன்னும் இரண்டு வருடம் இந்தக் கல்லின் மேல் தனியாக இருக்க என்னால் முடியாது. இதை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

நாள் 612. பகல் 13:40

பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். சுண்ணாம்பு. பத்து நிமிடத்தில் வெளியே வந்தது. ஈர்ப்பு ஏறக்குறைய இல்லாத இடத்தில் வாந்தி எடுப்பதைப் பற்றி விவரமாக எழுதப் போவதில்லை. துடைக்கவே ஒரு மணி நேரம் ஆனது.

தம்பி டெரன்ஸ் தூத்துக்குடியில் ஜிம்முக்குப் பக்கத்தில் காபி ஷாப் வைத்திருக்கிறான். ஜிம் பையன்கள் அவன் கடை வெனிலா புரோட்டீன் ஷேக்குக்கு வரிசையில் நிற்பார்கள். இதே இழவுப் பவுடர்தான். அதை எப்படிக் குடிக்க வைக்கிறான் என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன். சொல் போய்ச் சேரவே கால் மணி நேரம். உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கருவிப் பெட்டியை மூன்று தடவை அடுக்கினேன்.

நாள் 613. காலை 09:05

டெரன்ஸின் செய்தி:

"எக்கா, தூள மொதல்ல கொட்டாத, கட்டி தட்டிரும். பாலு, ஐஸு, ரெண்டு சொட்டு தேனு, பொறவுதான் தூளு. ஒரு சிட்டிக உப்பு போடு, உப்பு போட்டாத்தான் வெனிலா எந்திச்சு நிக்கும். கண்ணு வெறைக்கிற மாரி குளுரா இருக்கணும். நொர வார வரைக்கும் அடிக்கணும். ஒம் பையில ஒரு எசன்ஸு பாட்டிலு வச்சி விட்டேம்லா, பாத்தியா இல்லியா?"

பார்த்தேன். சாக்ஸுக்குள் சுருட்டி வைத்திருக்கிறான். நூறு மில்லி. இங்கே ஆல்கஹால் கலந்த எதையும் கொண்டுவரக் கூடாது. சிறுநீரைக் குடிநீராக்கும் இயந்திரத்துக்கு அது ஆகாது. மருந்துப் பெட்டியில்கூட ஸ்பிரிட் கிடையாது, அயோடின்தான். எசன்ஸில் மூன்றில் ஒரு பங்கு ஆல்கஹால்.

மூடியைத் திறந்ததும் சமையல் மூலையின் காற்று உணரி அலறிவிட்டது. பூமியின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து: "செலின் மேடம், அங்க யாராவது சாராயம் காய்ச்சுறீங்களா? ஒரு மணி நேரம் உணரியை அணைச்சுக்கோங்க. நாங்க எதையும் பாக்கல."

அணைத்தேன்.

நாள் 616. மாலை 16:20

நான்கு முயற்சி. நான்கும் குப்பை.

பிளெண்டர் கிடையாது. பையில் போட்டுக் கையால் குலுக்கினால் கட்டி கரையவில்லை. குளிரும் இல்லை, உறைபெட்டி கல் மாதிரிகளுக்கு மட்டும். இன்று ஒரு யோசனை. சமையல் மேசைக்கு அடியில் குளிர்திரவக் குழாய் ஓடுகிறது. வெளியே போய்க் குளிர்ந்து திரும்பும் குழாய் அது, கை வைத்தால் விறைக்கும். பக்கத்தில் பம்பு. பம்பு ஓடும்போது குழாய் கிடுகிடுவென்று நடுங்கும்.

குளிரும் நடுக்கமும் ஒரே இடத்தில். பால்பவுடர் கரைசல், தேன், உப்பு, பத்துச் சொட்டு வெனிலா, புரோட்டீன் தூள், கூடவே இரண்டு ஸ்டீல் உருண்டைகள். பையைக் குழாயின் இணைப்பில் வைத்துப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டினேன். நடுக்கம் அங்கேதான் அதிகம்.

ஒரு மணி நேரத்தில் நுரை. பல் கூசும் குளிர். வெனிலா மட்டும் மந்தம். ஆனால் வாந்தி வரவில்லை. சும்மா சிரித்துக்கொண்டிருந்தேன், யாரும் பார்க்கவில்லை என்பதால்.

நாள் 625. காலை 08:00

எடை 46.9. ஏறுகிறது.

வாசனை கூடிக்கொண்டே வருகிறது. பத்துச் சொட்டை ஐந்தாகக் குறைத்தேன். குறையவில்லை. தேனையும் நிறுத்திவிட்டேன், அது இல்லாமலேயே இனிக்கிறது. கை பழகிவிட்டது போலும். கழற்றும்போது பையின் வாயில் ஒரு கொழகொழத்த துளி ஒட்டியிருக்கும். அதுதான் பாகு, அதுதான் சுவையே. விடாமல் நக்கிவிடுகிறேன்.

லேசான தலைவலி. தூக்கம் சரியில்லை. கப்பலை நினைத்து நினைத்து வருவதாக இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

நாள் 634. பகல் 11:15

எடை 48.2.

டாக்டர் நபீஸா: "சபாஷ் செலின். இப்படியே விடாம குடிங்க. கையெழுத்துப் போட்டாச்சு, நீங்க கிளம்புறீங்க."

இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். மூன்றாவது தடவை அழுதுவிட்டேன். வீட்டுக்குப் போகிறேன்.

முகம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. இங்கே எல்லாருக்கும் வீங்கும். குடிநீர் இயந்திரம் இரண்டு நாளாக 'உள்வரவு குறைவு' என்று விளக்குப் போடுகிறது. அந்த இயந்திரத்தின் உணரி கெட்டிருக்கும். பிறகு பார்க்கலாம்.

நாள் 637. மாலை 17:30

டெரன்ஸ்:

"எக்கா, ஒன் ஷேக்க போர்டுல எழுதிப் போட்டுட்டேன், 'செலின் அக்கா ஸ்பெஷல்'னு. நீ சொன்ன மாரியே தேனு போடாம அடிச்சேன். மண்ணு மாரி இருக்கு. இனிப்பே இல்ல. வேற என்னத்தப் போட்ட? மறைக்காம சொல்லு, நா யாருட்டயும் சொல்ல மாட்டேன்."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. கடைக்காரனுக்கே வரவில்லை.

கப்பலில் நாலு பேர் வருகிறார்கள். அவர்களுக்கு என் கையால் ஒன்று கொடுக்க வேண்டும். பெரிய பை ஒன்றில் கலந்து, மீதியிருந்த வெனிலா முழுவதையும் அதில் ஊற்றினேன். அரை பாட்டிலுக்கு மேல். வாயைச் சூடு வைத்து ஒட்டிக் குழாயில் கட்டியாயிற்று. எனக்கு நாளைக்கு வெனிலா இல்லாத ஷேக்தான். பரவாயில்லை.

நாள் 638. காலை 08:40

வெனிலா போடவில்லை. தேன் போடவில்லை. பால், உப்பு, தூள்.

குடித்தேன். இதுவரை செய்ததிலேயே இதுதான் நன்றாக இருந்தது. கடை வாசனை அப்படியே.

குடித்து முடித்து, பையைக் கையில் வைத்துக்கொண்டு மிதந்துகொண்டிருந்தேன். வெனிலா போடவில்லையே.

08:55

மேசைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். இணைப்பின் திருகு அரைச்சுற்று தளர்ந்திருக்கிறது. பையும் ஸ்டீல் உருண்டையும் இருபது நாளாக அதன் மேல் ஆடியிருக்கின்றன. நிறமில்லாத திரவம் குழாயைச் சுற்றிக் கண்ணாடிக் காகிதம்போலப் படர்ந்து, பையின் வாயில் வந்து துளியாக நிற்கிறது.

கார் ரேடியேட்டரில் ஊற்றுகிற திரவத்தின் இனம் இது. இனிக்கும். இனிப்பாக மணக்கும்.

உணரியைப் போட்டேன். அலறல் நிற்கவில்லை. அன்றைக்கு ஒரு மணி நேரம் என்றுதான் அணைத்தேன்.

திருகை இறுக்கினேன். கசிவு நின்றது. முகமூடி போட்டுக்கொண்டேன். பூமிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சிறுநீர் கடைசியாக எப்போது என்று யோசிக்கிறேன். நேற்று முன்தினமா. தெரியவில்லை.

09:50

டாக்டர் நபீஸா. குரல் மாறிவிட்டது.

"செலின், கவனமா கேளுங்க. அந்த எடை சதை இல்ல, தண்ணி. கிட்னி வேலை செய்யல. நான் கவனிச்சிருக்கணும். இந்த விஷத்துக்கு அங்க முறிவு ஒண்ணே ஒண்ணுதான், ஆல்கஹால். உங்க எசன்ஸ் எவ்வளவு மிச்சம் இருக்கு? எல்லாத்தையும் குடிங்க. உடனே குடிங்க. ஆறு மணி நேரத்துல சிறுநீர் வந்தா தப்பிச்சீங்க."

பாட்டில் காலி. எல்லாம் அந்தப் பெரிய பையில் இருக்கிறது. நாலு பேருக்குக் கலந்தது.

10:05

வெளிப்பக்கத்தை மூன்று தடவை துடைத்தேன். ஒட்டு விடவில்லை, உள்ளே போயிருக்காது. போயிருக்காது என்று நினைக்கிறேன். நுனியை வெட்டினேன்.

குடிக்கிறேன். கசக்கிறது. தொண்டை எரிகிறது. தூள் கட்டி கட்டியாக வருகிறது. வெனிலா இப்படித்தான் இருக்குமா. மறந்தே போய்விட்டது.

டெரன்ஸ், நீ சொன்னது சரி. இதில் இனிப்பே இல்லை. போர்டை அழித்துவிடு.

12:30

முழுவதும் குடித்தாயிற்று. தலை சுற்றுகிறது. ஆல்கஹாலா மற்றதா தெரியவில்லை. கை எழுத ஒத்துழைக்கவில்லை. பயமாக இருக்கிறது.

வருகிறவர்களுக்கு: மேசைக்கு அடியில் ஒட்டியிருக்கும் துளிகளை இன்னும் துடைக்கவில்லை. வாசனை நன்றாக இருக்கும். தொடாதீர்கள்.

குடிநீர் இயந்திரத்தின் சிறுநீர் மானி 0.

14:10

மானி 0.

வீட்டுக்குப் போகணும்

15:50

மானி