மடைப் பலகையைத் தூக்கிய கை

எனக்கு வசனம் ஊட்டிய அன்பு மச்சானுக்கு,

இதை நானே எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. அன்னவாசலில் எழுத்துப் படிக்க மாலை வகுப்புக்குப் போகத் தொடங்கி எட்டு மாதமாகிறது. இலுப்பூர் பஸ்ஸில் இப்போது யாரையும் கேட்காமல் ஏறுகிறேன், நம்புவீர்களா? இந்த நாலு வரிக்குள் என் டீ ஆறிவிட்டது. ஆறட்டும், சந்தோஷமாக இருக்கிறது.

பயமாகவும் இருக்கிறது. நாளை நம் நாடகம்.

நீங்கள் எழுதி விட்டுப்போன நாடக நோட்டை உங்கள் தங்கை பெட்டிக்குள் வைத்திருந்தாள். போன மாதம் எடுத்தேன். அந்தக் கதையில் முப்பது வருடம் மடைக்காரனாக நடித்த நான், அதில் ஓர் எழுத்தைக்கூடப் படித்ததில்லை. நீங்கள் சொல்லச் சொல்லக் காதில் வாங்கியதுதான். விரல் வைத்துப் படித்து வந்தவன் கடைசிப் பக்கத்தை மூன்று முறை படித்தேன்.

மழையில் கண்மாய்க் கரை உடையப்போகிறது. தண்ணீரை வெளியேற்றி ஊரைக் காப்பாற்ற மடைக்காரன் மடைப் பலகையைத் தூக்குகிறான். அடைப்பை எடுக்க அவன் மகன் மடைக்குள் இறங்கியிருப்பது அவனுக்குத் தெரியாது. நாம் நடித்ததில் அம்மன் வந்து மகனை எழுப்பித் தருவாள். நோட்டில் அம்மன் இல்லை. மகன் பிணமாகக் கிடக்கிறான். தகப்பன் ஊரைப் பார்த்து, "திறந்தது என் கைதான்" என்கிறான். அதோடு முடிந்தது.

முதல் ஒத்திகையில் இதை நீங்கள் சொன்னதும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தேனே, நினைவிருக்கிறதா? "நான் புள்ளகுட்டிக்காரன், இது என் வாயில வராது மச்சான்." நீங்கள் சிரித்தீர்கள். "மாப்ளே, சாவு நாடகத்துலயா, ஒங்க வீட்லயா?" மறுநாள் அம்மன் வந்துவிட்டாள்.

அந்தப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள்: "மாப்பிள்ளை பயப்படுகிறார். அம்மனை வைத்துக் கொடுத்தேன். இந்த முடிவை அடிக்கவில்லை." ஏன் அடிக்கவில்லை மச்சான்? என்றாவது நான் படிப்பேன் என்றா?

இந்த முறை நோட்டில் உள்ளபடிதான் என்று சொல்லிவிட்டேன். மகனாக நடிப்பது என் மகன் செல்வம். மருமகளுக்குப் பொறுக்கவில்லை. "பெத்த புள்ளையப் பொணமாக் கெடத்தி வசனம் பேசணுமா மாமா? அம்மன் வந்தா என்ன கொறஞ்சு போகும்?"

"விடு புள்ள, எனக்குப் படுத்துக் கெடக்குற வேசந்தான்" என்றான் செல்வம். அவள் சிரிக்கவில்லை. ஒத்திகைக்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

என்ன குறையும் என்பது நேற்று ஒத்திகையில்தான் தெரிந்தது. முன்பெல்லாம் அம்மனின் சலங்கை கேட்டதுமே ஜனங்கள் பாயைச் சுருட்டுவார்கள். நேற்று ஒரு பாயும் அசையவில்லை. நான் பலகையில் கை வைத்ததும், "அய்யோ தூக்காதீங்க, உள்ள இருக்காரு!" என்று ஒரு குரல். வரமாட்டேன் என்று சொன்ன மருமகள்தான், சுவரோரம் நின்றிருந்தாள்.

எனக்குக் கேட்டது. மடைக்காரனுக்குக் கேட்காது. தூக்கினேன்.

இந்தக் கதையில் கெட்டவன் என்று ஒருவனுமில்லை. நல்லது செய்யப் போன கை. அது யாருடைய கையாகவும் இருக்கலாம். அம்மன் வந்து அந்தப் பயத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். நாமும் நிம்மதியாகச் சோறு தின்னப் போய்விடுவோம். நீங்கள் அதை எங்களிடமே விட்டுவைக்கத்தானே நினைத்தீர்கள்?

ஆனால் நேற்று அந்தக் கடைசி வரி என் வாயில் வரவில்லை. செல்வம் கிடந்தபடியே ஒற்றைக் கண்ணைத் திறந்து, "சொல்லுங்கப்பா, முதுகு வலிக்குது" என்றான்.

நாளை சொல்லிவிடுவேன் மச்சான், சத்தியம். சொல்லி முடித்ததும் குனிந்து என் மகனை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அது நோட்டில் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கையைக் கட்டிய,
இன்னும் பயம் தீராத மாப்பிள்ளை