தண்ணீர் அடித்த மணி

பிப்ரவரி 11, செவ்வாய்

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். மூன்றாம் வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் போகிறாள், யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டதும் முந்திரிக்கொட்டை மாதிரி கை தூக்கியது நான்தான். அவளுடைய ‘செய்து பார்க்கும் பீரியட்’ கூடவே வரும் என்று யார் கண்டது?

பிள்ளைகள் தண்ணீர்க் கடிகாரம் செய்கிறார்களாம். உள்ளே இருப்பது தெரிகிற, நேராக உயர்ந்த பிளாஸ்டிக் டின். அடியில் ஒரு ஓட்டை, அட்டெண்டர் ஆணியைச் சுட்டுப் போட்டுக் கொடுத்தது. காலை ஒன்பது மணிக்கு நிரப்பித் திறந்துவிட வேண்டும். ஒவ்வொரு பீரியட் மணிக்கும் தண்ணீர் நிற்கிற இடத்தில், டின்னில் ஒட்டிய காகிதத்தில் ஒரு கோடு. அப்புறம் கோட்டைப் பார்த்தே நேரம் சொல்லிவிடலாமாம்.

ஹெச்.எம். மேடம் கூப்பிட்டு அனுப்பினார். “இருபத்தொண்ணாம் தேதி காலைல நாலு பீரியடுக்கும் உங்க தண்ணி சொல்ற நேரத்துக்குத்தான் மணி. ரெண்டு நிமிஷத்துக்கு மேல முன்ன பின்ன போச்சுன்னா, அந்தச் ‘செய்து பார்க்கும் பீரியட்’ வாய்ப்பாட்டுக்குப் போயிடும். சரியா டீச்சர்?”

சரி என்றேன். எப்படியும் அந்தப் பீரியட் போய்விடும் என்று உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

வகுப்புத் தரையெல்லாம் ஈரம். வழுக்கி, பிள்ளைகள் முன்னால் பொத்தென்று உட்கார்ந்தேன். வகுப்பே சிரித்தது. சிரிக்காதது ‘நத்தை’ என்று எல்லோரும் கூப்பிடும் பெண் மட்டும்தான். அவள் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நத்தை என்று பெயர் வைத்தது பிள்ளைகள். நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். எழுதுவதில் கடைசி, சாப்பிடுவதில் கடைசி, கழித்தல் கணக்கில் கேட்கவே வேண்டாம்.

ஆனால் இன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். மூன்றாவது பீரியட். பேச்சு மூச்சில்லாமல் அத்தனை பேரும் டின்னைச் சுற்றி நிற்கிறார்கள். தண்ணீர் இறங்கி இறங்கி, நேற்றுப் போட்ட பென்சில் கோட்டைத் தொட்டது. தொட்ட அதே நேரம் வெளியே மணி அடித்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இருபத்தொரு வருஷமாக அந்த மணிச் சத்தத்தைக் கேட்கிறேன். இன்றுதான் முதல்முறை கேட்ட மாதிரி இருந்தது.

நத்தை என் புடவையை இழுத்தாள். “டீச்சர், இது கொறஞ்சுகிட்டே வருது.”

“தண்ணி கொறையத்தானே செய்யும்? போய் உக்காரு.”

இந்தப் பிள்ளைகள் ஜெயிக்க வேண்டும். எனக்கு இப்போது அந்தப் பீரியட் வேண்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

நாளைக்கு ஹெச்.எம். பார்ப்பார். பிள்ளைகள் போட்ட கோடுகளைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. முதல் கோடு எங்கேயோ, கடைசிக் கோடு எங்கேயோ. ஒரு இடைவெளி அகலம், ஒன்று ஒடுக்கம். பள்ளி விட்டதும் உட்கார்ந்து அதைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். உச்சியிலிருந்து அவர்களுடைய கடைசிக் கோடு வரைக்கும் ஸ்கேல் வைத்து அளந்து, நான்காகப் பிரித்து, சிவப்பு மையில் புதுக்கோடுகள் போட்டு ஒட்டிவிட்டு வந்தேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு.

பிப்ரவரி 21, வெள்ளி

பாவி. நான் பாவி.

ஒன்பது நாற்பதுக்கு அடிக்க வேண்டிய மணி ஒன்பது இருபத்தாறுக்கே அடித்தது. தண்ணீர் என் சிவப்புக் கோட்டைத் தொட்டது, பிள்ளைகள் கை காட்டினார்கள், அட்டெண்டர் அடித்துவிட்டார். பள்ளிக்கூடமே வராந்தாவுக்கு வந்துவிட்டது.

ஹெச்.எம். வாசலில் நின்று, “யார் கோடு போட்டது?” என்று கேட்டார். பிள்ளைகள் தாங்கள்தான் ஏதோ தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நடுங்கினார்கள். ஒருத்தன் அழ ஆரம்பித்தான்.

“நான்தான் மேடம். அவங்க போட்டது சரியா இருந்துது. நான் கிழிச்சிட்டேன்.”

அப்போதுதான் நத்தை எழுந்து வந்தாள். என் காகிதத்தை உரித்தாள். டின்னின் உச்சியிலிருந்து கீழாக விரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ண ஆரம்பித்தாள். “ஒம்போது வெரலு. இங்க மொத மணி. அப்புறம் ஏழு. அப்புறம் அஞ்சு. அப்புறம் மூணு.” ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் கீறினாள்.

“எப்படிடி தெரியும்?”

“அன்னிக்கே சொன்னேனே டீச்சர், கொறஞ்சுகிட்டே வருதுன்னு. கோட்டுக்குக் கோடு ரெண்டு ரெண்டு வெரலா கொறையுது. தண்ணி நெறைய இருந்தா அவசரமா ஓடுது. கொஞ்சமானா என்னை மாதிரி மெதுவாப் போகுது.”

ஒன்பது நாற்பது, பத்து இருபது, பதினொன்று, பதினொன்று நாற்பது. நான்கு மணியும் அவள் விரல் சொன்ன இடத்தில் அடித்தன. ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் விரலுக்குத் தண்ணீர் கணக்குத் தப்பாமல் கட்டுப்பட்டு இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

ஹெச்.எம். அசையவில்லை. “சொன்னது சொன்னதுதான் டீச்சர்.”

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். சொன்னதும் சிரித்தார். “மேடும் பள்ளமும் உள்ள ரூட்ல எல்லா ஸ்டாப்புக்கும் ஒரே நேரம் போட்டா வண்டி எப்படி ஓடும்?” எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

கால அட்டவணையில் என் கையாலேயே ‘வாய்ப்பாடு’ என்று எழுதினேன்.

ஏழாம் வாய்ப்பாடு சொல்லும்போது விரல்காரி எழுந்தாள். (இனிமேல் நத்தை என்று எழுத மாட்டேன்.) “டீச்சர், மூணுக்கு அப்புறம் ஒண்ணு வரணும்ல? அடியில ஒரு வெரல் தண்ணி மிச்சம் இருக்கு. அது தீரவும் ஒரு பீரியட் ஆகுமா?”

ஒரு விரல் தண்ணீருக்கு நாற்பது நிமிடமா? முதல் பீரியடில் ஒன்பது விரல் ஓடியதே.

“எனக்குத் தெரியாதும்மா” என்றேன். வகுப்பில் இந்த வார்த்தையைச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

பிப்ரவரி 26, புதன்

ஹெச்.எம்.மிடம் போய்க் கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம். “ஒரு தடவை மட்டும் மேடம், அந்தக் கடைசி வெரல் தண்ணி தீர்ற வரைக்கும். நீங்களே வந்து பாருங்க.” வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்துல” என்றார்.

பிப்ரவரி 28, வெள்ளி

பதினொன்று நாற்பதுக்குச் சாப்பாட்டு மணி. டின்னில் சரியாக ஒரு விரல் தண்ணீர். யாரும் டப்பாவைத் திறக்கவில்லை. ஹெச்.எம். நாற்காலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விரல்காரி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

நூலாக ஓடிய தண்ணீர் மெலிந்து மெலிந்து சொட்டானது. பத்து நிமிடம். இருபது. முப்பது. இவ்வளவுதானே, இதோ தீர்ந்துவிடும் என்று ஒவ்வொரு சொட்டுக்கும் நினைத்தேன். தீரவில்லை. முப்பது பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டைப் பார்ப்பதை இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டு இருபது. சாப்பாட்டு நேரம் முடிந்தது. அட்டெண்டர் வாசலில் வந்து நின்றார். “மேடம், மணி அடிக்கணும்.”

ஹெச்.எம். டின்னிலிருந்து கண்ணை எடுக்காமல் கையைக் காட்டினார். “இருப்பா. இன்னும் சொட்டுது.”

பன்னிரண்டு இருபத்தொன்றுக்குக் கடைசிச் சொட்டு விழுந்தது. அதற்கப்புறம்தான் பள்ளிக்கூடத்துக்கு மணி அடித்தது.

எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டே ஹெச்.எம். சொன்னார்: “ஒரு நிமிஷம்தான் டீச்சர். ரெண்டுக்குள்ள இருக்கு.” சுவரிலிருந்த அட்டவணையில் ‘வாய்ப்பாடு’ என்று நான் எழுதியிருந்ததைத் தன் பேனாவால் அடித்துவிட்டுப் போனார்.