சத்தத்துக்காக மாற்றிய பெட்டி

ஞாயிறு, இரவு.

இவ்வளவு பிந்தி எழுதுவதற்கு மன்னியுங்கள் மச்சான். நம் மகள் இப்போதுதான் உறங்கினாள். எனக்குக் கோபத்தில் கண் மூடவில்லை.

உங்கள் தம்பி நம் காரில் கம்பனி வைத்த என்ஜின் கொம்பியூட்டர்ப் பெட்டியைக் கழற்றி வேறொன்றைப் பூட்டினார். கத்தாரிலிருந்து நீங்களும் "ஓம்" என்று சம்மதித்தீர்கள். இன்று மகளுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். காரைதீவுச் சந்தியில் வேகம் குறைத்ததும் என்ஜின் நின்றுவிட்டது. பின்னால் பஸ்காரன் கத்துகிறான், பக்கத்து சீட்டில் பிள்ளை மூச்சு இழுக்கிறாள். ஒரு மாதிரித் திரும்ப ஸ்டார்ட் பண்ணித்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

தம்பியைக் கேட்டேன். "பெருநாளைக்கு பீச் ரோட்டுல சத்தம் எடுப்பா கேக்கணும் எண்டு வால்வ் டைமிங்க முந்தி வச்சிருக்கன் மதினி. நீங்க அக்சிலேட்டர விடாம ஓட்டுங்களன்" என்று சிரிக்கிறார்.

வேகத்துக்கேற்ப வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றுவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. வண்டி நின்று என்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது, காற்றை உள்ளிழுக்கும் வால்வ் பிந்தித் திறக்க வேண்டும். முந்தித் திறந்தால் வெளியேற வேண்டிய புகை உள்ளே திரும்பும். என்ஜின் குலுங்கி நிற்கும். அந்தக் குலுங்கல் சத்தம்தான் இவர்களுக்குச் சங்கீதம்!

பழையதைப் பூட்டச் சொன்னால், "காக்கா சொல்லட்டும்" என்று அண்ணன் உங்களைக் காட்டுகிறார். கார் என்னைப் பெற்ற வாப்பா எனக்குத் தந்தது, ஆனாலும் என் சொல் எடுபடவில்லை.

இந்த டயரியை யாருக்கும் காட்டியதில்லை. விடிந்ததும் இந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவேன். பார்த்த உடனே, பழையதைப் பூட்டும்படி தம்பிக்குச் சொல்லிவிட்டுக் கெதியாகப் பதில் போடுங்கள்.