விலை ஏற ஒரு துஆ

மூவார், 1925

என் பிரியமுள்ள சுலைகாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சுகம். சோறுதான் இறங்க மாட்டேன் என்கிறது. பழுது பார்க்க நான் வாங்கி வந்த உன் வளையல்களைக் கேட்டிருந்தாய். அதைப் பிறகு எழுதுகிறேன்.

ரப்பர் விலை ராத்தலுக்கு ஒரு வெள்ளியைத் தொடும், தொட்டதும் சறுக்கிவிடும். மூன்று தடவை கண்ணால் பார்த்தேன். அடுத்த தடவை தொட்டபோது, மாசக் கடைசியில் சரக்கு தருவதாகச் சொல்லி, சீன முதலாளி தவுக்கேயிடம் அந்த விலைக்கே விற்றுவிட்டேன். என் கையில் ஒரு ராத்தல்கூட இல்லை. விலை விழுந்ததும் மலிவாக வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்; ஏறிவிட்டால் கூடுதல் விலைக்கு வாங்கி நஷ்டத்துக்குக் கொடுக்க வேண்டும்.

நேற்று தரகர் கிபாயத்துல்லா கடைக்குள் ஓடிவந்தார். "அலமாக், மோசம் போச்சு நானா! ரப்பர் ஒரு வெள்ளியத் தாண்டிருச்சு. இனி எங்க போய் நிக்கும்னே தெரியல லா" என்றார்.

இப்போதெல்லாம் தவுக்கே என்னைக் கண்டால் அவரே முந்திக்கொண்டு நலம் விசாரிக்கிறார். விடியற்காலை மழையும் விடவில்லை. மழையில் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்க மாட்டார்கள். சீவாவிட்டால் சரக்கு குறைந்து விலை இன்னும் ஏறும். கூரையில் சத்தம் கேட்டாலே எழுந்துபோய் வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறேன்.

உன் கடிதம் இன்று கிடைத்தது. ரப்பர் விலை நன்றாக ஏற வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் எனக்காக துஆ கேட்பதாக எழுதியிருக்கிறாய். நீ கேட்டது எதுவும் வீண்போனதில்லை.

கண்ணே, நிறுத்திவிடு.

இந்தக் கடிதம் கப்பலேறி நாகூர் வந்து சேர்வதற்குள் மாசக் கடைசி போய்விடும். அதுவரை நீ கேட்டுக்கொண்டேதான் இருப்பாய்.

என்றும் உன்
மச்சான்