தபால்பெட்டியில் பெயர்

வைலே,
ஞாயிறு

அன்பின் கோகிலாவுக்கு,

மாமியின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? நான் சுகம். நீர் போன் எடுக்காததால் எழுதுகிறேன்.

என் தற்காலிக விசா மாசியிலேயே முடிந்துவிட்டது. முன்னரே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்திருந்ததால் வேலைக்குத் தடையில்லை. ஆனால் ஊருக்கு வந்திருந்தால் திரும்பி இங்கே வருவது சிக்கலாகியிருக்கும். உமது தம்பியின் கல்யாணத்துக்கு லீவு இல்லை என்று பொய் சொன்னது அதனால்தான். நீங்கள் எல்லாரும் பயப்படுவீர்கள் என்று மறைத்தேன்.

போன மாதம் நிரந்தர வதிவிடம் கிடைத்தது. அதற்கான அட்டையைத் தபாலில் அனுப்பினார்கள். இங்கே வீட்டுத் தபால்பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபாலைப் போடமாட்டார்கள். என் பெயர் எழுதி ஒட்டிய கடதாசி மழையில் கரைந்திருந்ததால் அட்டை திரும்பிப் போய்விட்டது.

வீட்டுக்காரர் தவராஜா அண்ணை சிரித்தார். "ஆறு வரியமாக் கடதாசியோடை இருந்திட்டீர். இனியாவது பெயர்ப்பலகை ஒண்டு போடுமன்."

பலகை போட்டேன். வியாழக்கிழமை அட்டை மறுபடி வந்து சேர்ந்தது.

உமது விசா விண்ணப்பத்துக்கு உமது பாஸ்போர்ட் கொப்பியும் எங்கள் விவாகப் பதிவும் அனுப்பும். தம்பியின் கல்யாணப் படங்களில் நீர் நிற்கிற ஒன்றையும் வையும்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. பலகைக் கடையில் எத்தனை பெயர் என்று கேட்டார்கள். இரண்டு என்று சொன்னேன்.

தாரகன்