அம்மாவுக்கு எந்தக் கதிரை

அன்பு மகன் நிரஞ்சனுக்கு,

வட்டகொடையிலிருந்து அப்பா எழுதுறேன். முட்டி வலி, இருமல்னு இழுத்துக்கிட்டு அம்மாவும் நானும் ஏதோ நடமாடிக்கிட்டுத்தான் இருக்கோம். அந்த டோஹா வெயில்ல நீ உடம்பைக் கெடுத்துக்காம இருந்தா எங்களுக்கு அதுவே போதும். இங்க மூணு வாரமா மழை, துணி காயல, அம்மா நனைஞ்சுக்கிட்டே தேயிலைக் கொழுந்தெடுக்கப் போறா. போன்ல பேசினா அவ காதுல விழும், அதான் எழுதி, பக்கத்து வீட்டு ஷாமிலாவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்றேன்.

கொழும்பு மண்டபத்துல எந்தக் கதிரை எங்க இருக்குன்னு நீ அனுப்பின படத்தைப் பார்த்தேன். பச்சைக் கட்டம், மஞ்சக் கட்டம்னு இருக்கு, எனக்கு ஒண்ணும் விளங்கல. தங்கச்சி தனுஷிகா அங்க நூறு பேரோட பாடப் போறா, நடுவுல தனியாவும் ஒரு பாட்டு பாடுறா, அதை நாங்க பார்க்கணும்னு நீ ஆசைப்படுறது சரிதான். ஆனா பார்த்த மாப்பிள்ளையை வேணாம்னுட்டு அவ கொழும்புக்கு வேலைக்குப் போனதுல இருந்து எட்டு மாசமா அம்மா அவளோட ஒரு வார்த்தை பேசல. ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு நின்னு எனக்கு அலுத்துப் போச்சு மகன். இந்த ஒரு தடவைதான் அம்மா வர்றேன்னிருக்கா, வந்தும் பிள்ளை முகம் தெரியாமப் போச்சுன்னா அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை நெஞ்சு கிளினிக்குக்குக் கொழும்பு போனேன்ல, முடிஞ்சதும் அப்படியே அந்த மண்டபத்துக்குப் போயிட்டேன். கேட்ல ஒரு வயசான செக்கியூரிட்டி. எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல, என் மக இங்க பாடப் போறா, அவ அம்மாவுக்கு முட்டி முடியாது, எங்க உட்கார வைக்கலாம்னு பார்க்கணும்னேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு, பத்து நிமிஷம்தான்னு உள்ள விட்டாரு. மாடிக்கு முப்பத்தெட்டுப் படி, அது ஆகாது. முன்னால வலது பக்கம் நல்லதுன்னியே, அங்க ஸ்பீக்கர் பெட்டி பாதி மேடையை மறைக்குது. நடுவுல அஞ்சாவது வரிசையில உட்கார்ந்தேன், மேடையைக் கூட்டிக்கிட்டிருந்த பொம்பளை முகத்து வேர்வை வரைக்கும் தெரிஞ்சுது. விடியக்காலையில கிளம்பின அசதி, அப்படியே தூங்கிட்டேன். அந்த மனுசன்தான் தோளைத் தொட்டு எழுப்பினாரு, ஒரு மணி நேரம் ஆகியிருந்துச்சு.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன், அஞ்சாவது வரிசை, படி இல்ல, பிள்ளை முகம் நல்லாத் தெரியும்னு. மறுநாள் காலையில தோட்டத்துல பேர் குடுக்கிற பெரட்டுக்கு நேரமாச்சுன்னு கிளம்பினவ வாசல்ல நின்னு, அங்க உட்கார்ந்தா நாம அவளுக்குத் தெரிவோமான்னு கேட்டா. தெரிவோம்னேன். அப்ப வேணாங்க, என்னைப் பார்த்தா அவளுக்குப் பாட்டு தடுமாறிரும், பின்னால இருட்டா ஒரு இடம் பாருங்கன்னுட்டு, கூடையை மாட்டிக்கிட்டு திரும்பிப் பார்க்காமப் போயிட்டா.

அதனால அஞ்சாவது வரிசையை எடுத்துறாத. பன்னிரண்டாவது வரிசையில, நடக்கிற வழி ஓரமா ரெண்டு கதிரை எடு, அங்கயும் படி இல்ல. தங்கச்சிகிட்ட நாங்க வர்றதை மூச்சு விட்டுறாத. வேலை வேலைன்னு வயித்தைக் காயப் போடாத, முருகன் உனக்குத் துணை இருப்பாரு. கதிரை கட்டாயம் ஓரமாவே இருக்கட்டும் மகன், அவ பாடி முடிச்சதும் அம்மா யாரையும் தாண்டாம முன்னுக்கு நடந்து போகணும்.

என்றும் உன் நல்லதையே நினைக்கும்
அப்பா நல்லமுத்து